பழைய டோப்போ ஷீட்ட மலைக்காரங்க கையில குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

உங்க பேப்பர்ல மலைக்கிராமம்னாலே ரோடு இல்ல, டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க, யானை தோட்டத்துக்குள்ள பூந்துருச்சுன்னுதான் செய்தி வருது, அதெல்லாம் வர வேண்டியதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த ஊருங்க எத்தன காலமா அங்க இருக்குது, சனங்க எந்தத் தடத்துல எறங்கி எந்தச் சந்தைக்குப் போனாங்கங்கற சமாச்சாரத்த யாரும் எழுதறதில்லீங்க. அதுக்கு நல்ல சாட்சி ஒண்ணு இருக்குது, வெள்ளக்காரன் காலத்துல சர்வே ஆஃப் இந்தியா போட்ட டோப்போ ஷீட்டு, அதாவது மேடு பள்ளம், தடம், ஊரு எல்லாம் குறிச்ச மேப்பு. அதப் பத்தித்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிரும், எடம் பத்தலன்னா வெட்டிக்கோங்க, சட்டம் பத்தி வர்ற எடத்த மட்டும் வெட்டிராதீங்க.

நான் அந்தியூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவன். கட்டட பிளான் அடிக்கறதுக்கு பிளாட்டர் மிஷின் ஒண்ணு இருக்குது, மூணடி அகலப் பேப்பர் போடலாம். பர்கூர் மலைல இருந்து வன உரிமை மனுவுக்கு காப்பி எடுக்க ஆளுங்க வருவாங்க. மஞ்சப்பையில ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட்டு, பழைய தீர்வை ரசீது, மேய்ச்சல் பர்மிட்டு, எல்லாம் மடிச்சு மடிச்சு மடிப்புலயே கிழிஞ்சு போய் இருக்கும், கண்ணாடி மேல வச்சு நீவி விட்டுத்தான் ஸ்கேன் எடுக்கோணும். அத்தனையும் எடுத்து முடிச்சு தேதி பாத்தா பெரும்பாலும் 1970க்கு அப்பறந்தான் இருக்கும். அங்கதான் சிக்கலே.

2006 வன உரிமைச் சட்டத்துல, பழங்குடிப் பட்டியல்ல இருக்கறவங்க 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து அங்க குடியிருந்தாங்கன்னா போதும். பட்டியல்ல இல்லாதவங்க அந்தத் தேதிக்கு முன்னால மூணு தலமொற, அதாவது 75 வருசம், அங்க இருந்ததா காட்டோணும். கணக்குப் போட்டுப் பாருங்க, 1930க்குப் போகுது. பர்கூர் மலைல சோளகருங்க பட்டியல்ல இருக்காங்க, லிங்காயத்துக்காரங்க இல்ல. மலையாளின்னா இங்க கேரளாக்காரங்க இல்ல, மலைல இருக்கற ஒரு சனம், அவங்க கத இன்னும் வேடிக்க, பட்டியல் போட்டப்ப ஜில்லா வாரியா போட்டாங்க, சேலம் ஜில்லா அதுல வந்துச்சு, கோயமுத்தூர் ஜில்லா வரல. அதனால சேலம் ஜில்லாவுல இருந்து பிரிஞ்ச நாமக்கல்லுல கொல்லிமலை மலையாளி பழங்குடி, கோயமுத்தூர்ல இருந்து பிரிஞ்ச ஈரோட்டுல பர்கூர் மலையாளி பழங்குடி இல்ல. சரி அது வேற சண்ட, அத இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

1930க்கு முன்னால காயிதத்துக்கு மலைல யாரு எங்க போவாங்க? பொறப்பு சர்ட்டிபிகேட்டா இருந்துச்சு? ஆனா அந்தச் சட்டத்துக்குப் போட்ட விதிகள்ல 13ஆவது விதிய எடுத்துப் படிங்க. என்னென்ன ஆதாரம் ஏத்துக்கலாம்னு வரிசையா இருக்குது, கெசட்டியர், சென்சஸ், சர்வே செட்டில்மென்ட் ரிப்போர்ட்டு, மேப்பு, சாட்டிலைட் படம், வனத்துறை ஒர்க்கிங் பிளான், அப்பறம் மனு போடாத பெரியவங்க சொல்றத எழுதி வாங்குனது. மேப்புன்னு எழுத்துலயே இருக்குதுங்க. ஒரு ஆதாரம் பத்தாது, ஒண்ணுக்கு மேல வேணும். பழைய ஷீட்டு ஒண்ணு, அதப் பாத்து ஊர்ப் பெரியவர் சொன்ன வாக்குமூலம் ஒண்ணு, இந்த ரெண்டும் சேந்தா எவ்வளவு பலம்னு யோசிச்சுப் பாருங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிர்றேன், டோப்போ ஷீட்டுல உங்க ஏக்கராவும் என் ஏக்கராவும் தெரியாது. அதுக்கு எஃப்எம்பிங்கற நில அளவுப் படந்தான். டோப்போ ஷீட்டு ஊரு இருந்துச்சு, கோயில் இருந்துச்சு, தடம் போச்சு, தண்ணி இருந்துச்சுன்னு சொல்லும். தனி ஆளு பட்டாவுக்கு அது அவ்வளவா ஒதவாது, ஊருக்கே சேத்துக் கேக்கற மேய்ச்சல், தண்ணி, வழிப்பாதை உரிமைக்குத்தான் அது கை குடுக்கும்.

ஷீட்டப் பாக்காதவங்களுக்காக சொல்றேன். அந்தக் காலத்து ஷீட்டு ஒரு மைலுக்கு ஒரு இஞ்ச், அதனால 1:63,360ன்னு போட்டிருக்கும். இப்ப வர்றது 1:50,000. பிரவுன் கலர்ல வளைஞ்சு வளைஞ்சு போற கோடு உயரக்கோடு, பழசுல அம்பதடிக்கு ஒரு கோடு. கோடு நெருங்கி வந்தா செங்குத்து, விரிஞ்சா சமதளம். நீலம் தண்ணி, மஞ்சள் வெவசாய நெலம், பச்ச காடு, செவப்பு ஊடும் ரோடும். காலு நடைத் தடம், பொதி மாடு போற தடம், வண்டித் தடம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற புள்ளிக்கோடு. சந்தை கூடற ஊருன்னா எந்தக் கெழமைங்கறதக் கூட சில எடத்துல பக்கத்துலயே போட்டிருப்பான். போஸ்டாபீசு, ரெஸ்ட் ஹவுசு, கெணறு, கோயில், சுடுகாடு வரைக்கும் குறி இருக்கும். கூகுள்ல பாத்தா மரத்து மூட்டம் மட்டுந்தான் தெரியும், அதுக்கடில போற தடம் தெரியாது. பழைய ஷீட்டுல தெரியும், ஏன்னா சர்வேக்காரன் பிளேன் டேபிளுங்கற வரையற பலகையத் தூக்கிட்டு அந்தத் தடத்துலயே நடந்து போய் வரைஞ்சான்.

நடந்தான்னு சொல்றேன், தூக்குனது யாருன்னா கலாசிங்கற சர்வே கூலியாளுங்களும் உள்ளூர் மலைக்காரங்களும்தான். லாம்டன் துரை 1802ல பரங்கிமலை பக்கத்துல அடிக்கோடு, அதாவது மத்த அளவுக்கெல்லாம் ஆதாரமா வைக்கற நேர்க்கோடு, அளந்து பெரிய சர்வேய ஆரம்பிச்சாரு, 1806ல நம்ம கோயமுத்தூர் பக்கத்துலயும் ஒரு அடிக்கோடு அளந்தாங்க, 1820கள் தொடக்கத்துல வார்டுன்னு ஒரு ராணுவ ஆபீசர் நீலகிரியையும் பழனி மலையையும் அளந்தாரு. இந்தப் பேரெல்லாம் புஸ்தகத்துல இருக்குது. வழி காட்டுனவன் பேரு எதுலயும் இல்ல. எழும்பூர் ஆவணக்காப்பகத்துல ஆராய்ச்சிக்குப் போன ஒரு தம்பி மூலமா வந்த ஷீட்டுப் படத்த ஒரு தடவ பெருசா பிரின்ட் போட்டு பர்கூர் மலைல தட்டக்கரை பக்கம் கொண்டு போனேன், அப்பத்தான் அந்த வழி காட்டுனவங்க எந்த மாதிரி ஆளா இருந்திருப்பாங்கன்னு ஒரு மாதிரி புரிஞ்சுச்சு.

திண்ணையில விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வச்சோம். அந்த ஊட்டு அய்யாவுக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது, தமிழே தட்டித் தடுமாறித்தான் பேசுவாரு, ஊட்டுல கன்னடம். மொதல்ல அவரு எழுத்துப் பக்கமே போகல. நீலக் கோட்ட மட்டும் வெரல்ல புடிச்சு மேல போனாரு, ரெண்டு பள்ளம் கூடற எடம் வந்ததும் நிறுத்துனாரு, இடது பக்கத்துப் பள்ளத்துக்குப் பேரு சொன்னாரு, வலது பக்கத்துக்குச் சொன்னாரு, அதுக்கு மேல இருக்கற பாறைக்குச் சொன்னாரு. அப்பறம் பிரவுன் கோடு விரிஞ்சு கெடந்த ஒரு எடத்துல உள்ளங்கைய வச்சு, இதுதான் எங்க பட்டின்னாரு. எப்படீங்கய்யா தெரியுதுன்னு கேட்டா, தண்ணி இக்கட்டால வருது, மேடு அக்கட்டால ஏறுது, நடுவுல தட்டையா இருக்குது, வேற எங்க மாட்ட அடைக்கறதுன்னு என்னையவே திருப்பிக் கேக்கறாரு! உயரக்கோடுன்னா என்னன்னு சொல்லிக் குடுக்கலாம்னு போனேன், வேலையே இல்லாம போச்சு. பேரன் பக்கத்துல நின்னு போன்ல எல்லாத்தையும் வீடியோ எடுத்தான்.

பட்டின்னா தெரியாதவங்களுக்கு, பர்கூர் செம்மறை மாட்ட காட்டுக்குள்ள மந்தையா அடைக்கற எடம். பெரும்பாலும் பால் கறக்கறதுக்கு வளக்கற மாடு இல்லீங்க அது, உழவுக்குக் காளையும், எருவும்தான் வருமானம், எரு கீழ மஞ்சக்காட்டுக்கு எறங்கும். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் சந்தைல அந்தக் காளைங்கள நீங்களும் பாத்திருப்பீங்க. 2022ல காட்டுக்குள்ள மேய்ச்சலே கூடாதுன்னு ஐகோர்ட்டு உத்தரவு வந்து, அப்பறம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு மாத்துனாங்க. 2024 ஜனவரில அந்தியூர் கோபி பக்கத்துக் காட்டுல சுமார் 800 சதுர கிலோமீட்டர தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு. இந்த ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தீங்கன்னா ஏன் இப்ப அவசரமா மேப்பு மேப்புன்னு கத்தறேன்னு வெளங்கும்.

அந்த அய்யா அப்பறம் ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க, எங்க பட்டி இருக்கற எடத்துல இவன் ஏன் ஒரு குறியும் போடலன்னு. இதத்தான் ஆபீசருங்க கவனிக்கோணும். சர்வே பார்ட்டி மழ நின்ன பின்னாடி வந்து கோடைக்குள்ள கெளம்பறவன். பட்டியோ புல்லுக்கும் தண்ணிக்கும் தக்கன எடம் மாறிக்கிட்டே இருக்கறது. அவன் வந்த அன்னிக்கு மாடு வேற பள்ளத்துல நின்னிருந்தா அந்த எடம் ஷீட்டுல வெறுங்காடுதான். முள்ளும் மூங்கிலும் வச்சு அடைச்சத அவன் ஊடுன்னு கணக்குல எடுத்திருக்கவும் மாட்டான். ஆகமொத்தம் ஷீட்டுல ஒரு ஊரு இருந்தா அது ஆதாரம், இல்லேன்னா அது ஒண்ணுத்துக்கும் ஆதாரமில்ல. ஷீட்டுல இல்லியே, போங்கன்னு மனுவ மடக்கறதுக்கு இத ஒரு சாக்கா புடிச்சுக்கக் கூடாது. பட்டி இல்லாட்டியும் அங்க போற தடம் இருக்கும், காட்டு நடுவுல எங்கயும் போய் முடியாத மாதிரி ஒரு புள்ளிக்கோடு நின்னுச்சுன்னா அது எங்க போச்சுன்னு பெரியவங்களத்தான் கேக்கோணும்.

தேடறவங்களுக்கு ஒரு விசயம். ஈரோடு மாவட்டம்னு போட்டு ஆவணக்காப்பகத்துல பழைய மேப்பு தேடுனா ஒண்ணும் கெடைக்காது. ஈரோடு மாவட்டமே 1979லதான் வந்துச்சு, அதுக்கு முன்னால கோயமுத்தூர் ஜில்லா, பவானி தாலுக்கா. அதுமட்டுமில்ல, 1956 நவம்பர் வரைக்கும் கொள்ளேகாலம் தாலுக்காவே நம்ம கோயமுத்தூர் ஜில்லாவுலதான் இருந்துச்சு, மாதேஸ்வரன் மலையும் அதுக்குள்ளதான். பழைய ஷீட்டுல மைசூர் எல்லை அதையும் தாண்டி வடக்கால ஓடும், அந்தியூர்ல கெளம்பி பர்கூர் வழியா கொள்ளேகாலம் போற தடத்துல எந்தச் செக்போஸ்ட்டும் கெடையாது, ஒரே ஜில்லாவுக்குள்ள போற வழி. மலை மேல இருக்கறவங்க சம்பந்தம் எல்லாம் ஏன் கர்நாடகாவுல இருக்குது, சாமி கும்புட ஏன் மாதேஸ்வரன் மலைக்குப் போறாங்கன்னு கீழ இருக்கறவங்க கேக்கறாங்க இல்ல, ஷீட்டப் பாருங்க, கோடு நடுவுல வந்து உழுந்தது, சனங்க எங்கயும் போகல.

பவானிசாகர் பக்கம் இன்னும் சுவாரசியமுங்க. அணை வேலை 1948ல ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுச்சு. அதுக்கு முன்னால போட்ட ஷீட்டுல நீல ஏரியே கெடையாது, பவானியும் மாயாறும் வந்து கூடற எடம் தனியா தெரியும், டணாயக்கன் கோட்டை ஊரா இருக்கும். தண்ணி ரொம்ப கொறையற வருசத்துல கோயில் வெளிய வருதுன்னு நீங்களே படம் போடுவீங்க இல்ல, அந்த ஊருதான். அங்கிருந்து மாயாறு ஓரமா மேல போனா கஜலஹட்டிக் கணவாய், 1790ல திப்பு சுல்தான் படை அந்த வழியா எறங்கி வந்துதான் சத்தியமங்கலத்துக்கிட்ட கும்பினிப் படையோட சண்ட போட்டுச்சு. இன்னிக்கு அது புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கற பள்ளத்தாக்கு, அன்னிக்கு மைசூருக்கும் கோயமுத்தூருக்கும் ராஜபாட்டை. திம்பத்து 27 வளைவு ரோட்டுல லாரி மாட்டி நிக்கறப்ப எல்லாம் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

கொல்லிமலையும் அப்படித்தான். 70 கொண்டை ஊசி வளைவு ரோடு ஒண்ணையே வச்சு மலையப் பாத்தா எல்லா நாடும் (அங்க சில ஊருங்க சேந்த பகுதிக்கு நாடுன்னு பேரு) செம்மேட்டுக்குப் போய்த்தான் எறங்கோணும்னு தோணும். ரோட்ட மனசுல இருந்து எடுத்துட்டு காலுத்தடத்த மட்டும் பாருங்க, மேக்கால இருக்கற நாட்டுக்காரங்க சேந்தமங்கலம் பேளுக்குறிச்சி பக்கமும், கெழக்கால இருக்கறவங்க துறையூர் பக்கமும் எறங்கற மாதிரிதான் மலையே சரிஞ்சு கெடக்குது. பழக்கவழக்கம், கடன், கொள்வினை குடுப்பினை எல்லாம் தடம் போற பக்கமாத்தான் போயிருக்கும்.

எப்படிப் பாக்கறதுன்னு கேட்டீங்கன்னா, ஷீட்டு நம்பர் புடிக்கறது சுலபம். நம்ம பக்கமெல்லாம் 58ஆம் நம்பருக்குள்ள வரும். அத 16 எழுத்தா பிரிச்சிருக்கான், பவானி, சத்தி, அந்தியூர், பர்கூர் எல்லாம் 58 ஈ (E). அதையும் 16 துண்டா பிரிச்சு நம்பர் மேலருந்து கீழ வரும், பர்கூர் 58 ஈ 9, அந்தியூர் அதுக்குக் கீழ 10. கொல்லிமலை உச்சி 58 ஐ (I) 7. கியூஜிஐஎஸ்னு ஒரு சாப்ட்வேர் ஓசிலயே கெடைக்குது, ஸ்கேன் பண்ணுன ஷீட்ட அதுல போட்டு நாலு மூலைல இருக்கற அட்சரேகை தீர்க்கரேகைய அடிச்சா சாட்டிலைட் படத்து மேல உக்காந்துக்கும். ஆனா அப்படியே உக்காராது, பழைய ஷீட்டு பூமியோட உருவத்துக்கு எவரெஸ்ட்னு ஒரு பழைய அளவ வச்சுப் போட்டது, இப்ப ஜிபிஎஸ் வேற அளவு, நம்ம பக்கம் நூறு மீட்டருக்கு மேல கூட தள்ளி நிக்கும். அதச் சரி பண்ணாம இங்க இருந்த கோயில் அங்க நகந்துருச்சுன்னு யாரும் பஞ்சாயத்து வச்சிராதீங்க.

ஷீட்டு எங்க கெடைக்கும்? அங்கதான் வயித்தெரிச்சல். புது 1:50,000 ஷீட்டு 2017ல இருந்து சர்வே ஆஃப் இந்தியா வெப்சைட்டுலயே ஓசில எறக்கிக்கலாம். 1950கள்ல அமெரிக்க ராணுவம் நம்ம சர்வே ஷீட்ட வச்சுப் போட்ட 1:250,000 மேப்ப டெக்சாஸ் யுனிவர்சிட்டி லைப்ரரி எல்லாருக்கும் தொறந்து வச்சிருக்குது, அதுல பெரிய தடமெல்லாம் தெரியும், சின்ன ஊரு தெரியாது. நமக்கு வேண்டிய 1930க்கு முந்துன ஒரு இஞ்ச் ஷீட்டுக்குத்தான் சென்னைக்கு அலையோணும். பர்கூர்ல இருந்து ஒரு ஆளு எழும்பூருக்குப் போய் ஆராய்ச்சியாளர் கார்டு வாங்கி உக்காந்து பாக்கறதுங்கறது நடக்கற காரியமா? ஒரு ஆபீசுல கேட்டதுக்கு, அதெல்லாம் மிலிட்டரி சீக்ரெட்டுன்னு ஒருத்தர் சொன்னாரு. 2005லயே பொதுமக்களுக்குன்னு தனி ஷீட்டு போடற கொள்கை வந்தாச்சு, 2021ல மேப்பு சம்பந்தமான கட்டுப்பாட்ட பெரும்பாலும் தளத்தியாச்சு, இவருக்கு மட்டும் இன்னும் தகவல் வரல போல.

மேப்ப வெளிய விட்டா ரிசார்ட் போடறவன் வந்துருவான், டிரக்கிங்னு கெளம்பிருவாங்கன்னு சில பேரு பயப்படறாங்க. டிரக்கிங்குக்கு நானும் ஆதரவில்ல, 2018 குரங்கணி தீய நாம மறந்தர முடியாது, பழைய தடம் கெடச்சதுன்னு பர்மிசன் இல்லாம காட்டுக்குள்ள போறவன் தானும் கெட்டு காட்டையும் கெடுப்பான். ஆனா ரிசார்ட்டுக்காரன்கிட்ட டிரோன் இருக்குது, சாட்டிலைட் இருக்குது, தாலுக்காபீசுல ஆளும் இருக்குது, அவனுக்கு நூறு வருசத்துப் பழைய காயிதம் எதுக்கு? இன்னிக்கு நெலமைல அது கையில இல்லாம கஷ்டப்படறது மலைக்காரங்க மட்டுந்தான்.

அதே வன உரிமை விதில, கோட்ட அளவுக் கமிட்டி வனத்துறை மேப்பையும் வருவாய்த்துறை மேப்பையும் கிராமசபைக்குக் குடுக்கோணும்னு இருக்குது. குடுக்கறப்ப கூடவே 1930க்கு முந்துன டோப்போ ஷீட்டையும் சர்ட்டிபைடு காப்பியா மாவட்ட நிர்வாகமே சென்னைல இருந்து வரவழைச்சுக் குடுக்கட்டும். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா அலைய வேண்டியதில்ல, பர்கூர், கடம்பூர், தாளவாடி மூணுக்கும் சேத்தே ஒரு கட்டு ஷீட்டுத்தான் வரும். ஒரு செட்டு கிராமசபைல, ஒண்ணு கிளை நூலகத்துல, ஒண்ணு மலைல இருக்கற பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பசங்கள வச்சு பெரியவங்ககிட்ட பள்ளம், பாறை, தடம் பேரெல்லாம் கேட்டு ஷீட்டு மேலயே தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுத வைக்கட்டும். சீக்கிரம் செய்யோணும், ஏன்னா வெரல வச்சுக் காட்டற பெரியவங்க கொறஞ்சுக்கிட்டே வர்றாங்க.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோளுங்க. ஞாயித்துக்கெழம மலர்ல மலையருவி படம் அரைப்பக்கம் போடறீங்க இல்ல, அதுல வாரம் ஒரு மலையோட பழைய ஷீட்டுத் துண்ட போட்டு, இந்தத் தடம் யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க, லெட்டர் குவியும். வாசகருங்க யாரு ஊட்டு பரண்லயாவது, ரிட்டையர்டு சர்வேயர், எஸ்டேட் ரைட்டர், பாரஸ்ட்டுல வேல பாத்தவங்க வச்சுட்டுப் போன துணி ஒட்டுன ஷீட்டு கெடந்தா உங்க ஆபீசுக்குத் தகவல் குடுக்கட்டும். மேல ஓரத்துல கோயமுத்தூர் டிஸ்ட்ரிக்ட்டுன்னு இருக்கும், பக்கத்துலயே சர்வே பண்ணுன வருசம் இருக்கும், அத மட்டும் பாத்துச் சொன்னா போதும். ஸ்கேன் எடுத்துட்டு ஒரிஜினல அன்னிக்கே திருப்பிக் குடுத்தர்றேன், பர்கூர் மலை ஊருங்களுக்கு பிரின்ட் போடற செலவு என் கடையோடது.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
அந்தியூர்.